தாழைக்கோழி தேடிய மதினி

மதினிக்குப் பறவைகள் என்றால் உயிர் என்று எங்கள் தெருவில் சிலர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தினமும் கண்மாய்க்கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கோரைக்குள் எட்டி எட்டிப் பார்க்கிறாள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். வீட்டில் அவளுடைய ஒன்பது வயதுப் பெண்பிள்ளை தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும், உதடு நீலம் பாரித்துவிடும். அந்தப் பிள்ளைக்கு மருந்தாக ஒரு கோழி வேண்டும் என்று ஒரு வைத்தியர் சொல்லியிருந்தார். அந்தக் கோழியைத்தான் அவள் தேடினாள்.

அறுபதுகளின் கடைசி அது. காரைக்குடியின் வடக்கு ஓரத்தில் ஒரு காம்பவுண்டு வீட்டில் நாங்கள் அடுத்தடுத்துக் குடியிருந்தோம். நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். அந்தப் பிள்ளை என்னிடம்தான் அ, ஆ எழுதிப் பழகியது. சொந்தம் ஒன்றும் கிடையாது. அவள் என்னை மதினி என்பாள், நானும் அவளை மதினி என்பேன். பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. ஒரு மார்கழியில் போய்விட்டது. அதைக் கடைசிவரை மூடிவைத்துப் படிப்பவர்களை ஏங்கவைக்கிற வித்தை எனக்குப் பிடிக்காது. ஏங்கினதெல்லாம் அவள் ஒருத்தி ஏங்கினதே போதும்.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, முன்பே தெரிந்திருந்தால் வேறு வழி பார்த்திருக்கலாம், இனிமேல் இந்த உடம்பு கத்தியைத் தாங்காது என்று டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். நல்ல மனிதர். மாத்திரை எழுதிக்கொடுத்து, "ஓடியாடாம பார்த்துக்கோங்கம்மா" என்றார். வரும்போது பஸ்ஸில் மதினி பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டாள். திருப்பத்தூர் தாண்டியதும் என் கையைப் பிடித்து, "மதினி, அவரு செத்துப்போகும்னு சொல்லலைல?" என்றாள். "சொல்லலை" என்றேன். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லைதானே.

அதற்குப் பிறகுதான் சிங்கம்புணரிப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, அங்கே போனோம். அவர் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"தண்ணிக்கோழியில பல சாதி இருக்கு தாயீ. இதுக்கு வேண்டியது தாழைக்கோழி. நெத்தியில செவப்பு முத்தியிருக்கணும். விலாவுல வெள்ளைக்கோடு அறுந்துபோகாம ஓடணும். முட்டிக்கு மேல செவப்பு வளையம் இருக்கணும். மூணும் இருந்தா ரசம் வச்சு நாலஞ்சு நாளு குடு. ஒண்ணு கொறஞ்சாலும் குடுத்துறாத, மூச்சை அடைச்சுப்புடும்."

கடைசியாகச் சொன்னார் பாருங்கள், அதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. தப்பான கோழியைக் கொடுத்தால் பிள்ளைக்கு மூச்சு அடைத்துவிடும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் கிடையாது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல யாருக்கு வாய் வரும்? வேறு எதை அவள் கையில் கொடுத்துவிட்டு இதைப் பிடுங்குவது?

அதுவரை அவளுக்குத் தெரிந்த தண்ணீர்ப் பறவை கொக்கு ஒன்றுதான். முதலில் சந்தைக்குப் போய்க் கண்மாய்க்கோழி கேட்டாள். உரித்து, தலையும் காலும் வெட்டி, ஓலையில் வைத்திருந்த ஒன்றைத் தூக்கிக் காட்டினார்கள். "இது தாழைக்கோழிதானா?" என்று கேட்டிருக்கிறாள். "நீங்க என்ன கேட்டீகளோ அதுதேன் ஆத்தா" என்றிருக்கிறான் விற்றவன். எவ்வளவு நேர்மையான பதில்! வாங்கி வந்து அடுப்படியில் வைத்துக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அழுதாள். உரித்த கோழியில் நெற்றியை எங்கே பார்ப்பது, கோட்டை எங்கே பார்ப்பது? சாயங்காலம் தெரு நாய்க்குப் போட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து கண்மாய்க்குப் போக ஆரம்பித்தாள்.

காலையில் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்து, பக்கத்து வீட்டம்மாளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெயில் ஏறுமுன் போய்விடுவாள். சனி, ஞாயிறுகளில் நானும் கூடப் போவேன். சம்பும் கோரையும் மண்டிய மேற்குக் கரையில் ஒரு கருவேல மரம் இருந்தது. அதன் அடியில் உட்கார்ந்தால் அசையமாட்டாள். கழுத்தில் எறும்பு ஊர்ந்தால்கூடத் தட்டமாட்டாள். நான் பேச வாயைத் திறந்தால் தொடையில் கிள்ளுவாள். ஒரு தடவை ரத்தம் கன்றிப்போயிற்று. "பிள்ளைகளை நான் கிள்ளுற பாவத்துக்கு எனக்கு இது வேணும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்கவேயில்லை.

மூணு அடையாளத்தையும் ஒரே பறவையில் பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தாழைக்கோழி கூச்சம் பிடித்தது. ஒரு சத்தம் கேட்டால் சம்புக்குள் போய்விடும். நீந்தும்போது நெற்றிச் சிவப்பும் விலாக்கோடும் தெரியும், கால் தண்ணீருக்குள் இருக்கும். கரையேறி மேயும்போது கால் தெரியும், ஆனால் நாம் மூச்சுவிட்டால் போச்சு. இதற்குள் மற்றவை வந்து குழப்பும். முழு உடம்பும் நீலமாக ஒன்று, சம்புத் தண்டைக் காலால் பிடித்து மனிதர் மாதிரி தின்னும். அதற்கும் நெற்றி சிவப்புதான். கறுப்பு உடம்பில் வெள்ளை நெற்றியோடு நாமக்கோழி கூட்டம் கூட்டமாக மிதக்கும். மார்பு வெள்ளையான கம்புள்கோழி வேலியோரம் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. அவள் மாசக்கணக்கில் பார்த்துப் பார்த்து, கடைசியில் கோரை அசைகிற விதத்தை வைத்தே உள்ளே எது இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"தாழைக்கோழி நீந்துறப்ப ஒவ்வொரு தட்டுக்கும் தலையை முன்னால வெட்டும் மதினி, பாத்தீகளா? வாலுக்கு அடியில வெள்ளையைக் காட்டிக் காட்டி மடக்கும். அலகு முழுக்கச் செவப்பு, நுனி மட்டும் மஞ்சத் தூள்ல தொட்டு எடுத்தாப்புல."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்த்துத்தான் தெருவில் உள்ளவர்கள் உயிர் என்றும் ஆசை என்றும் சொன்னார்கள் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும், அவள் பார்த்தது கோழியை இல்லை. பிள்ளை எழுந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பிள்ளைக்கு அன்றைய கதை சொல்ல வேண்டும். அது ஒரு கட்டாயம். "இன்னைக்கு என்னம்மா பண்ணுச்சு?" என்று காத்துக்கொண்டிருக்கும். மதினி கழுத்தை வெட்டி வெட்டி, கையைத் தண்ணீரில் தள்ளுவது மாதிரி தள்ளி, வீட்டுக்குள்ளேயே நீந்திக் காட்டுவாள். குஞ்சுக்குத் தாய் ஊட்டுவதைக் காட்டுவாள், முதல் ஈட்டுக் குஞ்சுகள் வளர்ந்து அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கு ஊட்டுவதைக் காட்டுவாள். பிள்ளை சிரிக்கும். சிரித்தால் இருமல் வரும், இருமினால் உதடு நீலமாகும். உடனே மதினி நிறுத்திவிடுவாள். "இன்னுங் கொஞ்சம்" என்று அது கையை ஆட்டிக் கேட்கும், பேச மூச்சு இருக்காது. நான் அங்கே நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

கண்மாய்க்கு அந்தப்பக்கத்து ஊரில் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிற ஒருவர் இருந்தார். மதினி அவரிடம் சொல்லிவைத்திருந்தாள். ஒரு நிபந்தனைதான், உயிரோடு கொண்டுவர வேண்டும். அவர் முதலில் நீலக்கோழியைக் கொண்டுவந்தார். "காலு மொத்தமும் செவப்பா இருக்குண்ணே. நம்மளுக்கு வளையம் மட்டும்தேன் செவப்பு. இது இல்லை." அடுத்தது நாமக்கோழி. இது இல்லை. அடுத்து நிஜமாகவே தாழைக்கோழி, ஆனால் அந்த வருஷத்துக் குஞ்சு. உடம்பு பழுப்பாக இருந்தது, நெற்றியில் சிவப்பு ஏறவில்லை. இதுவும் இல்லை.

அவர் பொறுமைசாலி. "சரி ஆத்தா, பிள்ளைக்கு மருந்துன்னா பாத்துத்தேன் எடுக்கணும்" என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒன்று கொண்டுவந்தார். நெற்றி நல்ல சிவப்பு. முட்டிக்கு மேலே வளையம் இருந்தது. மதினி இறக்கையை ஒதுக்கி விலாவைப் பார்த்தாள்.

"கோடு நடுவுல அறுந்திருக்குண்ணே."

கண்ணியில் மாட்டித் துள்ளியதில் இறகு கலைந்திருந்தது. என் கண்ணுக்கே அது தெரிந்தது. விரலால் நீவிவிட்டால் கோடு சேர்ந்துவிடும். நான் நீவப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "வேணாம் மதினி, சந்தேகம்னு வந்துருச்சுல்ல" என்றாள். அன்றைக்கு எனக்கு முதல்முறையாக ஏதோ மாதிரி இருந்தது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

அவள் வீட்டுக்காரர் வலையபட்டியில் ஒரு பெரிய வீட்டுக்குக் கார் ஓட்டினார். அந்த வீட்டு முதலாளிகள் மெட்ராஸில் இருந்தார்கள். அவர்கள் எப்போது வருவார்கள் என்று தெரியாததால் இவர் அங்கேயே கிடக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் வருவார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தினார். சுவர் தாண்டி எனக்குக் கேட்டது.

"கோழி கோழின்னு கண்மாய்ல போயி நிக்கிறியே, பிள்ளை பக்கத்துல உக்காரக் கூடாதா? இருக்கப்போறது எத்தனை நாளோ, அந்த நாளாவது அது ஆத்தா முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்டி!"

"உக்காந்து? உக்காந்து என்ன செய்யச் சொல்றீக?" என்றாள் மதினி. குரல் ஏறவேயில்லை. "அது ஒவ்வொரு மூச்சுக்கும் தவிக்கிறதை வேடிக்கை பாக்கச் சொல்றீகளா? உங்களுக்கு வலையபட்டி இருக்கு, போயிருவீக. நான் எங்குட்டுப் போறது?"

கொஞ்ச நேரம் கழித்து அவர் அழுகிற சத்தம் கேட்டது. நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். பிள்ளை காதில் விழாமல் இருக்கட்டும் என்றுதான்.

அடுத்த வைகாசியில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீருக்கு வந்ததும், ஊர் கூடி மீன்பிடிக்கிற நாள் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அது ஒரு திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்தெல்லாம் சனம் விடியற்காலையிலேயே கரையில் வந்து நிற்கும். ஊர்த் தலைவரான அம்பலம் கரையில் ஏறி வெள்ளைத் துண்டை வீசுகிறவரை ஒருவரும் தண்ணீரில் காலை வைக்கக் கூடாது. வீசிவிட்டால் ஆண், பெண், கிழவன், குழந்தை எல்லாம் ஒரே பாய்ச்சல். ஊத்தா என்று மூங்கில் கூடை ஒன்று உண்டு, அடியில் அகலமாக, மேல்வாய் குறுகலாக. அதைச் சேற்றில் குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி மீனை எடுப்பார்கள். அவரவர் ஊத்தாவில் அகப்பட்டது அவரவருக்கு.

"இன்னைக்கு எல்லாக் கோழியும் வெளிய வந்துதேன் ஆகணும் மதினி" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். துண்டு வீசியதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். ஊரே விராலையும் கெளுத்தியையும் பிடித்துக் கூச்சல் போட, இவள் ஒருத்தி வெறுங்கையோடு சம்பை நோக்கிப் போனாள். நாமக்கோழிகள் தண்ணீர் மேலேயே ஓடிப் பறந்து போயின. நீலக்கோழிகள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கரை தாண்டின. தாழைக்கோழி அப்படிப் பறந்து போகாது. பயந்தால் தண்ணீருக்குள் அமுங்கி, அலகு நுனியை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடக்கும். இதையும் எனக்குச் சொன்னது அவள்தான்.

"ஆத்தா! தாயீ! இங்குட்டு வாங்க! கெடச்சிருச்சு!"

கண்ணி வைக்கிறவர்தான். சம்போரத்தில் விரால் என்று ஊத்தாவைக் குத்தியிருக்கிறார், கையை விட்டால் கோழி. இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஊருக்கே மதினியின் தேடல் தெரியும். மீனை விட்டுவிட்டுச் சனம் கூடிவிட்டது. "புண்ணியவதி, உன் பிள்ளை பிழைச்சுச்சு போ!" என்று ஒரு கிழவி மதினியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

நான் பார்த்தேன். நெற்றியில் சிவப்பு, முற்றிய சிவப்பு. அலகு நுனியில் மஞ்சள். அவர் இறக்கையைத் தூக்கிக் காட்டினார். விலாவில் வெள்ளைக்கோடு ஓர் இடத்தில்கூட அறுபடாமல் ஓடியது. காலைப் பிடித்துக் காட்டினார். வளையம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நம்பாத எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது என்றால் பாருங்கள்.

மதினி அதை வெகுநேரம் பார்த்தாள். தொட்டும் பார்த்தாள்.

"இது இல்லண்ணே."

"என்ன ஆத்தா சொல்றீக? எது கொறையுது?"

"ஒரு கால்ல வளையம் மங்கலா இருக்கு."

அவர் கட்டைவிரலால் அந்தக் காலைத் துடைத்தார். ஒட்டியிருந்த சேறு போனதும் பளிச்சென்று சிவப்பு. "இப்பப் பாருங்க."

"வேணாம்ணே. இது இல்லை."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ பைத்தியம் என்றார்கள். நெட்டி முறித்த கிழவி, "அடி பாவி" என்று விலகிப் போனாள். அத்தனை நாள் பொறுத்தவருக்கு அன்றைக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப எங்க வீட்டுக் கொழம்புக்கு ஆகட்டும்" என்று எங்கள் கண் எதிரிலேயே கழுத்தைத் திருகி, மீனோடு கூடையில் போட்டுக்கொண்டு போனார். மதினி அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே அறைந்திருப்பேன். கரையேறுகிறவரை பொறுத்துக்கொண்டேன். வேலி தாண்டி ஆள் இல்லாத இடம் வந்ததும் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"அதுதான் மதினி. நெத்தி, கோடு, வளையம், எல்லாம் சரியா இருந்துச்சு. எனக்கே தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையா? ஐப்பசியில வந்ததும் சரியான கோழிதான். வீட்டுல ஒரு உசிரு இழுத்துக்கிட்டுக் கெடக்கு, நீங்க என்ன வெளையாடுறீகளா?"

"தெரியும்" என்றாள்.

முழங்கால்வரை சேறு.

"கையில வாங்கிட்டா இன்னைக்கே அடுப்புல ஏத்தணும் மதினி. நாலு நாளு குடிக்கும். அஞ்சாம் நாளு விடிஞ்சு பாக்குறப்பவும் அது இப்பிடியே இழுத்துக்கிட்டு இருந்துச்சுன்னா? பெரியாஸ்பத்திரியும் இல்லைன்னுருச்சு. இதுவும் இல்லைன்னு ஆயிருச்சுன்னா, அதுக்கப்புறம் நான் எதைத் தேடுறது? சொல்லுங்க. எதைத் தேடுறது?"

நான் டீச்சர். வருஷம் பூராவும் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு, பதில் தெரியாவிட்டால் நிற்கவைக்கிறவள். அன்றைக்கு அந்த வேலியோரத்தில் நான் நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது பிள்ளை தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மீன்பிடி நாள் என்று அதற்கும் தெரியும்.

"கெடச்சுச்சாம்மா?"

மதினி முகத்தைத் துடைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இல்லடி தங்கம். ஆனா இன்னைக்கு ரொம்பப் பக்கத்துல வந்துருச்சு."

"அப்ப நாளைக்குக் கெடச்சிரும்" என்றது பிள்ளை. சொல்லிவிட்டு, அன்றைக்கு வேண்டாம் என்று தள்ளிவைத்திருந்த கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தது.